சேவலைக் கொடுக்க ஆள் தேடி அலைஞ்ச அஞ்சு மாசம்

வீட்டுக்குப் பின்னாடி நாலஞ்சு கோழி வளக்கறவங்க, முதல் தடவையா குஞ்சு பொரிக்க வைக்கலாம்னு நினைக்கறவங்க, தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். எனக்கு யாராச்சும் இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு சேவல் இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும், இன்னொன்னு என்ன ஆச்சுன்னே தெரியாம நான் ராத்திரி தூக்கம் வராம கெடந்திருக்க மாட்டேன்.

என்கிட்ட ரெண்டு வருஷமா ஆறு பெட்டைக்கோழி மட்டும்தான் இருந்துச்சு, சேவலே கிடையாது. சேவல் இல்லாமயே முட்டை வரும், அது பலருக்குத் தெரியறதில்ல, குஞ்சு வேணும்னாதான் சேவல் வேணும். அப்படி நிம்மதியா போயிட்டிருந்தப்பதான் ஒரு கோழி அடை உக்காந்துச்சு. வெறும் கூட்டுல பத்து நாளா எழுந்திரிக்காம, சரியா தீனி தின்னாம, கிட்ட போனா உடம்பை உப்பிக்கிட்டு உறுமிட்டு இருந்துச்சு. அதைப் பாக்க எனக்கே பாவமா போயிடுச்சு. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வீட்டுல சேவலோட வளக்கறாங்க, அவங்ககிட்ட 12 முட்டை வாங்கி வச்சேன். 21 வது நாள் காலையில போய்ப் பாத்தா தாய்க்கோழி இறக்கைக்கு அடியில இருந்து ஒரு மஞ்சத் தலை மட்டும் எட்டிப் பாக்குது, பாத்துட்டு திரும்ப உள்ள போயிடுச்சு. மொத்தம் பத்து குஞ்சு. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துல இதுல எத்தனை சேவலா வரும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, அதுதான் நான் பண்ண முதல் தப்பு.

பொதுவா பாத்தா பொரியற குஞ்சுல பாதிக்குப் பாதி சேவல்தான். கூரா இருக்கற முட்டையில சேவல் வரும், உருண்டையா இருந்தா பெட்டை வரும்னு சொல்லுவாங்க, நானும் அதை நம்பி உருண்டையா பாத்துப் பாத்துதான் எடுத்தேன். அதுல ஒரு உண்மையும் இல்லைங்க. கோழிங்கள்ல ஆணா பெண்ணானு தீர்மானிக்கறது தாய்க்கோழி கொடுக்கற குரோமோசோம்தான், முட்டை கூட்டுல விழறதுக்கு முன்னாடியே அது முடிவாயிடுது, அப்பறம் முட்டை வடிவத்தை வச்சோ சூட்டை வச்சோ நாம மாத்த முடியாது. அதோட பாதிங்கறது நூறு, இருநூறு குஞ்சு பொரிச்சா கிட்டத்தட்ட சரியா வரும், பத்து குஞ்சுல மூணும் வரலாம் எட்டும் வரலாம். எனக்கு ஆறு சேவல், நாலு பெட்டை. கடையில பெட்டைக்குஞ்சுன்னு பிரிச்சு விக்கறதை வாங்கினாலும் முழுசா நம்ப முடியாது, பிரிக்கறவங்க கையில ஒண்ணு ரெண்டு தப்பிடும்.

ஆறாவது வாரத்துலயே தெரிஞ்சிருச்சு. நாலு குஞ்சுக்கு கொண்டை வெளிறின மஞ்சளாவே இருக்கு, ஆறுக்கு மட்டும் தடிச்சு செவக்க ஆரம்பிச்சுடுச்சு, கால் வேற தடிமனா இருக்கு. 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பெட்டையா கூட இருக்கும்'னு நானே என்னை ஏமாத்திட்டு இருந்தேன். மூணு மாசம் ஆகறப்ப முதுகு முடியற இடத்துல, வால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, நீளமா கூர்கூரா பளபளன்னு இறகு தொங்கும் பாருங்க, அது வந்துட்டா சேவல்தான், அப்பறம் சந்தேகமே வேண்டாம். பெட்டைக்கு அந்த இடத்துல இறகு நுனி உருண்டையா இருக்கும். என் வீட்டுல அதுக்கு முன்னாடியே, பதினோராவது வாரத்துல, ஒண்ணு கூவிடுச்சு. எண்ணெய் போடாத கேட்டைத் தொறக்கற மாதிரி ஒரு சத்தம். உடனே ஆள் தேட ஆரம்பிச்சிருக்கணும். நான் ஆரம்பிச்சது நாலாவது மாசம் முடிஞ்சப்பறம். இளசா இருக்கறப்ப கேட்டிருந்தா வாங்கிக்க ரெண்டு பேராவது இருந்திருப்பாங்க. குணமும் முறுக்கிக்கிட்டு, சத்தமும் பெருசானப்பறம் யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க.

அந்த நாலு மாசத்துக்கு அப்பறம் வீடு வீடாவே இல்ல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு கைக்குழந்தை. 'ஏம்மா, உன் சேவல் நாலு மணிக்கே ஆரம்பிச்சுடுது, புள்ள எந்திரிச்சு அழறா, ஒண்ணு இருந்தா பரவால்ல, ஆறு பேரும் மாத்தி மாத்திக் கத்தினா நாங்க எப்படிம்மா தூங்கறது'ன்னு கோபமே இல்லாம, சோர்ந்து போன முகத்தோட கேட்டாங்க. அவங்க சத்தம் போட்டிருந்தாகூட எனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது. கூண்டை இருட்டாக்கினா கூவாதுன்னு யாரோ சொன்னாங்க, கனமான போர்வை போட்டு மூடினேன், ஒரு பலனும் இல்ல. அப்பறம்தான் படிச்சேன், 2013 ல ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேவல்களை எப்பவும் மங்கலான வெளிச்சத்துலயே வச்சுப் பாத்திருக்காங்க, விடியலே இல்லாட்டியும் உடம்புக்குள்ள ஓடற கடிகாரத்தை வச்சு விடியற நேரத்துக்கு கூவியிருக்கு. அதே குழுவுல இருந்தவங்க 2015 ல சொன்னது, கூட்டத்துல தலைமையா இருக்கற சேவல்தான் முதல்ல கூவும், மத்தது அதுக்குக் கீழ வரிசையா கூவும்னு. என் வீட்டுல தினமும் நடந்தது அதேதான், செவலைன்னு நான் பேர் வச்ச சேவல் ஆரம்பிச்சா மத்த அஞ்சும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். கழுத்துல கட்டற பட்டை ஒண்ணு விக்கறாங்க, கூவற காத்தைக் கொறைச்சு சத்தத்தைக் கொறைக்கும்னு. வாங்கிப் போட்டேன். ஒரு சேவல் பின்னாடியே நகர்ந்து நகர்ந்து போய் சுவத்துல மோதிக்கிட்டு, அலகை பட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு நின்னுச்சு, நான் வீட்டுல இருந்ததால பொழைச்சுது. அன்னிக்கே கழட்டிப் போட்டுட்டேன். நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

சத்தத்தைக்கூட பொறுத்துக்கலாம், பெட்டைங்க பட்ட பாட்டைத்தான் பாக்க முடியல. ஒரு சேவலுக்கு எட்டுல இருந்து பத்து பெட்டை இருக்கணும்னு சொல்றது சும்மா இல்ல. என்கிட்ட பத்து பெட்டைக்கு ஆறு சேவல், ஒண்ணு மிதிச்சுட்டு எறங்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். அதுலயும் சாதுவா இருக்கற கோழியாப் பாத்து திரும்பத் திரும்ப ஏறும். என் பழைய கோழி ஒண்ணுக்கு முதுகுல இறகே இல்லாம தோல் செவந்து, இறக்கைக்கு அடியில நகம் கிழிச்ச காயம். அது தீனிக்கே வராம கூண்டு மேல ஏறி உக்காந்துக்கிச்சு, தண்ணி மேல வச்சாதான் குடிச்சுது. அப்பதான் சேவலைத் தனியா பிரிச்சேன். கம்பிவலை, கட்டை, கதவு, ஆள் கூலி எல்லாம் சேத்து முதல் கூண்டுக்கு ஆன அதே செலவு இன்னொரு தடவை. தீவனக் கணக்கு தனி. ஒரு வளந்த கோழி நாளைக்கு 110, 120 கிராம் தின்னும், ஆறு சேவல்னா மாசத்துக்கு 20 கிலோவுக்கு மேல, முட்டையும் கிடையாது. இதை மாசாமாசம் கட்டினவங்களுக்குத்தான் தெரியும்.

சேவலைத் தனியா பிரிக்கறதுல ஒரு நல்ல விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன், அதைச் சொல்லிடறேன். ஒண்ணா பொரிஞ்சு ஒண்ணா வளந்த சேவல்களை பெட்டை கண்ணுலயே படாத இடத்துல வச்சா பெரும்பாலும் சண்டை ரொம்ப கொறைஞ்சுடும். நடுவுல தட்டி, சாக்கு ஏதாவது கட்டி மறைச்சுடுங்க, ரெண்டு மூணு இடத்துல தீனி வைங்க. ஆள் கிடைக்கற வரைக்கும் இது தாங்கும். ஆனா ஒண்ணை வெளிய எடுத்து சில நாள் கழிச்சு திரும்ப உள்ள விட்டா அதை அண்ணன் தம்பியா பாக்காதுங்க, புதுசா வந்த எதிரியாத்தான் பாக்கும். இது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கீழ வருது.

தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்க, எல்லாருக்கும் போன். எல்லாரும் கேட்டது 'பெட்டை இருக்கா?'. கைவிட்ட பிராணிகளை வச்சுப் பாத்துக்கற ஒரு இடத்துக்குப் பேசினேன், சேவல்னதும் அந்தம்மா பெருமூச்சு விட்டாங்க, ஏற்கனவே நிறைஞ்சு கெடக்காம், வர்ற போன்ல நிறைய சேவலுக்குத்தானாம். இப்படி மூணு வாரம் போச்சு. அப்ப ஒருத்தர் பைக்ல வந்தார். 'தோட்டம் இருக்குங்க, சும்மா மேயட்டும்'னார். இலவசம்னு சொல்லித்தான் ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன், அதைப் பாத்துட்டு யாரோ சொல்லி வந்தவர். வந்ததும் செவலையோட காலைத் தூக்கிப் பாத்தார், காலுக்குப் பின்னாடி கூரா முள்ளு வர்ற இடத்தைக் கட்டை விரலால தடவினார், நெஞ்சை அமுக்கிப் பாத்தார், 'இதுல யாரு யாரை அடிக்கறான்'னு கேட்டார். எத்தனை பெட்டைக்கு வேணும், என்ன தீனி பழக்கம், எதுவும் கேக்கல. நான் அதைக் கவனிச்சேன், ஆனா போனா போதும்ங்கற நெலமையில இருந்ததால கவனிக்காத மாதிரி இருந்துட்டேன். செவலையையும் கருப்பனையும் கொண்டு போனார். பத்து நாள் கழிச்சு மனசு கேக்காம விசாரிச்சுட்டு நேர்ல போனா தோட்டமும் இல்ல ஒண்ணும் இல்ல. செவலை ஒரு கால்ல கயிறு கட்டி நிக்குது, கொண்டையில கால்வாசி கிழிஞ்சு ரத்தம் காஞ்சு கறுத்து இருக்கு. சண்டைக்கு விட்டிருக்காங்க. கருப்பன் எங்கன்னு கேட்டேன், 'அது இல்ல'ன்னார். அவ்வளவுதான் பதில். இலவசமா கொடுத்த செவலையை நான் காசு கொடுத்து திரும்ப வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியெல்லாம் அழுதேன்.

அதனால சொல்றேன், இலவசம்னு போடவே போடாதீங்க. கொஞ்சமாவது விலை சொல்லுங்க, சண்டைக்கும் மத்ததுக்கும் ஓசியில பொறுக்கறவங்க அங்கயே பாதி கழிஞ்சுடுவாங்க, மீதிப் பேரை கேள்வி கேட்டுத்தான் கழிக்கணும். எத்தனை பெட்டை இருக்கு, ஏற்கனவே சேவல் இருக்கா, இருந்த சேவல் என்ன ஆச்சு, ராத்திரி எங்க அடையும், நாய் கீரித் தொந்தரவு உண்டா, அவங்க இருக்கற இடத்துல சேவல் வளக்க அனுமதி இருக்கா. உண்மையா வளக்கறவங்க இதுக்கெல்லாம் சந்தோஷமா விலாவாரியா பதில் சொல்லுவாங்க, 'இருங்க, வீடியோ கால் போட்டுக் காட்டறேன்'னு அவங்களே சொல்லுவாங்க. 'எதுக்குங்க இவ்ளோ கேள்வி, ஒரு சேவல்தானே'ன்னு சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. முடிஞ்சா நீங்களே கொண்டு போய் விடுங்க, இடத்தைக் கண்ணால பாத்தா எல்லாம் புரிஞ்சுடும்.

செவலையைக் கொண்டு வந்து பழையபடி கூண்டுக்குள்ள விட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, நாலும் சேந்து அதை மூலையில போட்டு மிதிச்சுடுச்சுங்க. காயம் இருக்கற சேவலை விட்டா சும்மா இருக்குமா. செவப்பு தெரிஞ்சாலே கொத்தும். நடுவுல கையை விட்டு எடுத்ததுல என் மணிக்கட்டுல கிழிச்சுடுச்சு. அதுக்கப்பறம் செவலை ஒரு மாசம் என் சலவை அறையில இருந்துச்சு, உப்புத்தண்ணியில காயத்தைக் கழுவி விட்டுட்டு வேலைக்குப் போவேன்.

அடுத்தது நான் எழுதவே யோசிச்ச விஷயம். ரெண்டு மணி நேரம் கார்ல போற தூரத்துல ஒரு நல்ல குடும்பம் ரெண்டு சேவல் எடுத்துக்கறேன்னாங்க. எல்லாக் கேள்வியும் கேட்டேன், எல்லாத்துக்கும் நல்ல பதில். சாம்பலையும் வெள்ளையனையும் ஒரே அட்டைப்பெட்டியில வச்சு, சின்னதா நாலு ஓட்டை போட்டு, பயப்படாம இருக்கட்டும்னு மேல துணியும் போட்டு பின்சீட்ல வச்சேன். கிளம்பினது மதியம் ஒரு மணிக்கு. நடுவுல ஒரு இடத்துல சாப்பிட நிறுத்தினேன், இருபது நிமிஷம்தான். போய் இறங்கி பெட்டியைத் தொறந்தா வெள்ளையன் வாயைத் தொறந்தபடி, கழுத்து நீண்டு, சூடா, செத்துக் கெடந்துச்சு. சாம்பல் மேல கண்ணை மூடி மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. கோழிக்கு வேர்வையே கிடையாதுங்க, அதோட சாதாரண உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ் கிட்ட, சூடு அதிகமானா பெரும்பாலும் வாயைத் தொறந்து மூச்சு விட்டுத்தான் வெளியேத்தும். மூடின பெட்டிக்குள்ள அந்தக் காத்தே சூடாகி ஈரமாயிட்டா அதுக்கு வேற வழியே இல்ல. ஒரு பெட்டியில ஒரு சேவல், நாலு பக்கமும் காத்து போற பிளாஸ்டிக் கூடை, அடியில வழுக்காம வைக்கோல், விடியக்காலையில இல்லாட்டி பொழுது சாஞ்சப்பறம் பயணம், நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான் நான் பண்ண வேண்டியிருந்தது. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டல, தண்ணி கொடுத்து உக்கார வச்சாங்க. வெள்ளையனை அவங்க தோட்டத்துலயே பொதைச்சோம்.

அதே இடத்துல இன்னொரு தப்பும் நடந்துச்சு. சாம்பலை அன்னிக்கு சாயங்காலமே அவங்க கோழிங்களோட விட்டுட்டோம். அஞ்சாவது நாள் போன், மூணு கோழி தும்முது, ஒண்ணுக்கு கண்ணு வீங்கியிருக்குன்னு. என்கிட்ட இருந்தப்ப சாம்பல் ஒரு தும்மல்கூட போட்டதில்ல. ஆனா பாக்க நல்லா இருக்கற கோழியே நோயைச் சுமந்துட்டு இருக்கலாம், பயணம் புது இடம்னு உடம்பு தளர்றப்ப வெளிய வரும்னு கால்நடை மருத்துவர் சொன்னார். மருந்து, மருத்துவர் செலவு நான்தான் கொடுத்தேன், அவங்க வேண்டாம்னாங்க, என்னால கொடுக்காம இருக்க முடியல. எல்லாம் பொழைச்சுடுச்சு. இப்ப யார் கேட்டாலும் சொல்றேன், புதுசா வர்ற கோழியை 30 நாள் தனியா, பழைய கோழிங்களுக்கு எட்டாத தூரத்துல வைங்க, முதல்ல பழையதுக்குத் தீனி போட்டுட்டு அப்பறம் புதுசுகிட்ட போங்க, செருப்பை மாத்திக்குங்க. கோழிங்களுக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டாச்சா, எந்தத் தேதியில போட்டீங்கன்னு ஒரு சீட்டுல எழுதி கொடுத்து விடுங்க.

கீரின்னு நான் பேர் வச்ச சேவலைப் பத்தி எழுதறப்ப சிலருக்கு என் மேல கோபம் வரும், வரட்டும். அஞ்சரை மாசத்துல அது ஆளைப் பாத்தாலே பாய ஆரம்பிச்சுடுச்சு. தண்ணி ஊத்தக் குனிஞ்சா பின்னாடி இருந்து வந்து ரெண்டு காலையும் தூக்கி அடிக்கும். கெண்டைக்கால்ல முள்ளு ஏறி வீங்கி ரெண்டு நாள் நடக்க முடியல. இதை மறைச்சு யார் தலையிலயும் கட்ட எனக்கு மனசில்ல, அந்த வீட்டுல குழந்தை இருந்தா கண்ணு போயிடும். வயசான ஒருத்தர் வந்தார், 'மறைக்க மாட்டேன் தாயி, கறிக்குத்தான் கேக்கறேன், கஷ்டப்படுத்தாம ஒரே வெட்டுல முடிச்சுடுவேன்'னார். ஒரு நாள் டைம் கேட்டேன். அன்னிக்கு ராத்திரி நிறைய யோசிச்சேன். தோட்டத்துல மேயட்டும்னு பொய் சொன்னவரை நம்பி ரெண்டைக் கொடுத்தேன், உண்மையைச் சொன்னவரைப் பாத்து தயங்கறேன். மறுநாள் கொடுத்துட்டேன். யாராவது வளப்பாங்கன்னு சொல்லி ரோட்டோரம், காட்டோரம் விட்டுட்டு வர்றாங்களே, அதைவிட இது எவ்வளவோ மேல். அப்படி விட்ட சேவலை நாய் கிழிக்கும், இல்லாட்டி பட்டினியில சாகும். கறிக்குக் கொடுக்கறதா இல்லையாங்கறதை நீங்க முட்டை வைக்கறதுக்கு முன்னாடியே மனசுல முடிவு பண்ணிடுங்க, மாட்டேன்னா அத்தனை சேவலையும் வச்சுப் பாத்துக்க இடம் இருக்கணும். நல்லா கவனிச்சா சேவல் அஞ்சுல இருந்து எட்டு வருஷம்கூட இருக்கும்.

செவலைக்கு இடம் கிடைச்சது கடைசியில, நான் தேடறதையே விட்டப்பறம். ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும், 14 பெட்டை வச்சிருக்காங்க, இருந்த சேவலை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு, பருந்து வந்தா குரல் கொடுக்க ஆளில்லன்னு தேடிட்டு இருந்தாங்க. இந்தத் தடவை எல்லாத்தையும் சரியா பண்ணேன். கிழிஞ்ச கொண்டையை போட்டோ எடுத்து முதல்லயே அனுப்பினேன், சண்டைக்குப் போயிட்டு வந்ததுன்னு சொன்னேன். ஒரு மாசம் வச்சுப் பாருங்க, ஒத்து வரலன்னா எந்த நேரமும் போன் பண்ணுங்க, வேற யாருக்கும் கைமாத்தாம நானே வந்து எடுத்துக்கறேன்னு பேசிக்கிட்டோம். கூடவே அது தின்னு பழகின தீனியை ஒரு வாரத்துக்குக் கட்டிக் கொடுத்தேன். அவங்க தனியா வச்சு, அப்பறம் வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ஒரு வாரம் பழக்கி, ஒரு நாள் ராத்திரி எல்லாம் அடைஞ்சப்பறம் மெதுவா தூக்கி பெட்டைங்க பக்கத்துல கம்புல உக்கார வச்சிருக்காங்க. விடிஞ்சு எறங்கறப்ப ஒரு சண்டையும் இல்ல. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை அந்த அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்க, பேசவே மாட்டாங்க, வெறும் கூவற சத்தம் மட்டும் இருக்கும். முடியற இடத்துல லேசா பிசிறடிக்கும், அது செவலைதான்.

என்கிட்ட மிச்சம் குட்டையன். முதல்ல செவலையைத்தான் வச்சுக்கலாம்னு இருந்தேன், அழகுன்னா அது அழகு. ஆனா புழு கிடைச்சா தான் தின்னாம கொக்கொக்குன்னு பெட்டைங்களைக் கூப்பிட்டு காட்டறது குட்டையன்தான், கையில தூக்கினாலும் சும்மா இருக்கும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுட்டுதான் வச்சேன், இந்த ஒண்ணோட சத்தம் பழகிடுச்சுன்னாங்க. முதுகு இறகு போன கோழிக்கு இப்ப புது இறகு முளைச்சிட்டு இருக்கு. முட்டையை ரெண்டு நாள்கூட கூட்டுல விடறதில்ல, அன்னன்னிக்கே எடுத்துடறேன், ஏன்னா சேவலோட இருக்கற கோழி முட்டை பெரும்பாலும் பொரியற முட்டைதான், சேவலை எடுத்துட்டாலும் ரெண்டு மூணு வாரம் அப்படித்தான் வரும்.

முதல்ல அடை உக்காந்த அதே கோழி போன வாரத்துக்கு முந்தின வாரம் திரும்ப அடை உக்காந்துருக்கு. இந்தத் தடவை அடியில அஞ்சே முட்டை. சேவலா வந்தா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கறோம்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க, ரெண்டு பேர் வீட்டையும் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். மூணாவது ஆளைத் தேடிட்டு இருக்கேன், முட்டை வச்சு இன்னிக்கு ஒன்பதாவது நாள்.